எட்டாம் பக்கத்தில் என் பெயர்

வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஒரு வெள்ளை வேன் வந்து எங்கள் கடை வாசலில் பத்திரிகைக் கட்டைப் போட்டுவிட்டுப் போகும். பிளாஸ்டிக் நாடாவை வெட்டி, பிரதிகளைக் கல்லாவுக்குப் பக்கத்திலுள்ள கம்பிக் கூடையில் அடுக்குவது என் வேலை. வாரம் ஒரு முறை வரும் பத்திரிகை, மொத்தமே பன்னிரண்டு பக்கம். அதில் வருவதையெல்லாம் செய்தி என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு ஆறு மாதம் ஆனது. "ஞாயிறு மதியம் ஹெலனும் அவர் கணவரும் மகள் வீட்டுக்குச் சென்று விருந்து சாப்பிட்டனர். மருமகனின் முழங்கால் வலி குறைந்துள்ளது." இது மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி. அடுத்த பக்கத்தில் எந்தப் பண்ணையில் எவ்வளவு மழை, பள்ளிக்கூடத்தில் அடுத்த வாரம் என்ன சாப்பாடு, யார் வீட்டுக் கன்றுக்குட்டி கண்காட்சியில் முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கியது. முதல் தடவை படித்தபோது என் அரைகுறை ஆங்கிலத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மனைவியிடம் நீட்டினேன். மல்லிகா படித்துப் பார்த்துவிட்டு, "சரியாதான் போட்டுக்கிறாங்க. முட்டி வலி இப்ப பரவால்லியாம். உங்களுக்கும் நிம்மதி ஆச்சா?" என்றாள்.

நாங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரர்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன், அதற்கப்புறம் தறிதான். மல்லிகா நர்சுக்குப் படித்தவள். அமெரிக்காவின் நடுவயிற்றில், சோளமும் மாடும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத, கவுண்டி என்று இவர்கள் சொல்லும் இந்த வட்டாரத்தில் உள்ள முதியோர் இல்லத்துக்கு நர்ஸ் கிடைக்கவில்லை என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவளோடு நானும் வந்தேன். நாற்சந்தியில் இருக்கிற பெட்ரோல் பங்கு கடையில் வேலை. முதலாளி சூரத் பக்கத்துக்காரர், இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். கல்லாவுக்குப் பின்னால் சிகரெட் அலமாரிக்கு மேலே நான் முருகன் படம் ஒன்று மாட்டியிருக்கிறேன். காலையில் விபூதி வைத்துக்கொள்ளாமல் நான் கடை திறந்ததில்லை. அதை ஒருவரும் ஒன்றும் கேட்டதுமில்லை. நெற்றியில் என்ன அடிபட்டதா என்று ஒரே ஒரு கிழவர் விசாரித்தார்.

நம் ஊரில் பெரிய மனிதர் யாரென்று தெரிந்துகொள்ள அண்ணாந்து பார்த்தால் போதும். பிறந்தநாள் என்றால் பிளெக்ஸ், பதவி வந்தால் பிளெக்ஸ், செத்தால் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ். இங்கே பிளெக்ஸ் கிடையாது. அந்த வேலையைப் பத்திரிகை செய்கிறது. கால்பந்து கோச், மாட்டுச் சந்தை ராணியாகக் கிரீடம் வைத்துக்கொண்ட பெண், போலீசுக்குத் தலைவரான ஷெரீஃப் என்று மாற்றி மாற்றிப் படம் வரும். எல்லாருக்கும் மேலே டேல். அவர் கவுண்டி கமிஷனர். நம் ஊர்க் கணக்கில் ஒன்றியச் சேர்மன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் வெட்டுவது டேல், கேடயம் கொடுப்பது டேல், பெரிய மீனைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் டேல். நான் கட்டைப் பிரிக்காமலே சொல்வேன், இந்த வாரம் எந்தப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பார் என்று.

எட்டாம் பக்கம் மட்டும் வேறு. அது ஷெரீஃப் குறிப்பு. அந்த வாரம் போலீசுக்கு யார் போன் செய்தது, யார் பிடிபட்டது, யார் வீட்டு நாய் குரைத்தது, எல்லாம் ஒரு வரி, இரண்டு வரியாக இருக்கும். ஊரே முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். நானும் திறப்பேன். பொய் சொல்லக் கூடாது, ருசியாகத்தான் இருக்கும்.

போன வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. தொழில் செய்கிற இடத்துக்குத் திருஷ்டி கழிக்காமல் விட எனக்கு மனசு வரவில்லை. நம் ஊர் வெள்ளைப் பூசணிக்கு நான் எங்கே போவேன்? ஆனால் அந்த மாதத்தில் இந்த நாட்டில் தடுக்கி விழுந்தால் மஞ்சள் பூசணிதான். வீட்டு வாசலெல்லாம் பூசணி. கடவுளே வழி காட்டிவிட்டார் என்று சந்தோஷமாக ஒன்றை வாங்கி வந்தேன். மேலே சின்னதாக வெட்டி உள்ளே குங்குமம் போட்டு, மேலே சூடம் ஏற்றி, பங்குக்கும் கல்லாவுக்கும் மல்லிகாவின் காருக்கும் சுற்றினேன். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. காலை ஆறரை மணி. நாற்சந்தியில், ஸ்டாப் போர்டுக்குக் கீழே, முருகா என்று ஓங்கிப் போட்டு உடைத்தேன். உடைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, துண்டுகளைத் தொடவும் கூடாது. இது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்து காபி மெஷினைப் போட்டேன். அதனால்தான் பள்ளிக்கூடப் பேருந்து ஒன்று அங்கே வந்து நின்றதையும், அதை ஓட்டிய அம்மாள் சிவப்பு தெறித்த ரோட்டைப் பார்த்து போலீசுக்குப் போன் செய்ததையும் நான் பார்க்கவில்லை.

ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஒரு டெபுடி வந்தார். இளம் வயது, நல்ல உயரம். இது நீ செய்ததா என்று கேட்டார். பெருமையாக ஆமாம் என்றேன். எடுத்துச் சுத்தம் செய் என்றார். எடுக்கக் கூடாது சார் என்றேன். அவர் பூட்ஸ் காலால் ஒரு துண்டை ஓரம் தள்ளப் போனார். எனக்குப் பதறிவிட்டது. நம் கடைத் திருஷ்டி எதற்கு அந்தப் பிள்ளையின் காலில் ஏற வேண்டும்?

"நோ டச் சார், நோ டச்! டச் பண்ணினால் பேட் வரும்!"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். உங்க ஃபேமிலிக்கும்."

கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். அவர் ஓரடி பின்னால் போய் இடுப்பு பெல்ட்டில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு நோட்டில் ஏதோ எழுதினார். வண்டியிலிருந்து கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சிட்டிகைக் குங்குமத்தைச் சின்ன கவரில் போட்டு மூடினார். இவ்வளவு மரியாதையாகக் குங்குமம் வாங்கிக்கொண்டு போகிறவரை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லையே என்று நெஞ்சு குளிர்ந்துபோனேன். அப்படிப்பட்ட மடையன் நான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நல்ல மத்தியானம். டேலின் பிக்கப் வண்டி, பின்னால் மாட்டு டிரெயிலர், போனைக் காதில் வைத்தபடி அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். திரும்பும்போது டிரெயிலர் ஸ்டாப் போர்டில் மோதி அதை அடியோடு சாய்த்தது. நான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். அதே டெபுடிதான் வந்தார். இரண்டு பேரும் வண்டியில் சாய்ந்துகொண்டு சிரித்துப் பேசினார்கள். டெபுடியே அந்தப் போர்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். உள்ளே வந்து இரண்டு காபி வாங்கினார். "டேலுக்குச் சர்க்கரை கூடாது" என்று அக்கறையோடு சொன்னார். நோட்டு வெளியே வரவில்லை.

வியாழக்கிழமை வந்தது. நாடாவை வெட்டினேன், கூடையில் அடுக்கினேன், வழக்கம்போல எட்டாம் பக்கத்தைத் திறந்தேன். அங்கே இருந்தது என் பெயர். பெயர், வயசு, இன்ன கடையின் ஊழியர். "சாலையில் சிவப்புப் பொருள் நிரப்பிய பூசணி உடைக்கப்பட்டிருப்பதாகப் பேருந்து ஓட்டுநர் புகார். அதைத் தொட்டால் உனக்கும் உன் குடும்பத்துக்கும் கெடுதல் நேரும் என்று அந்நபர் டெபுடியிடம் கூறினார். மாதிரி எடுக்கப்பட்டது. விசாரணை நடக்கிறது." அதற்கு இரண்டு குறிப்பு தள்ளி இன்னொன்று: "நாற்சந்தியில் ஒரு வாகனம் போர்டில் மோதியது. யாருக்கும் காயமில்லை."

ஒரு வாகனம்! ஓட்டுகிறவர் இல்லாத வாகனம்! விருந்து சாப்பிட்ட ஹெலனுக்குப் பெயர் இருக்கிறது, நீல ரிப்பன் வாங்கிய கன்றுக்குட்டிக்குப் பெயர் இருக்கிறது, டேலின் வண்டியை ஓட்டியவருக்கு மட்டும் பெயர் இல்லையா? சாமி கும்பிட்டவன் பெயர் அச்சில், போர்டைச் சாய்த்தவர் பெயர் காற்றில். அதைவிடக் கொடுமை என்னவென்றால், அன்று முழுக்க அந்தப் பத்திரிகையை என் கையால் எடுத்துக் கொடுத்து விற்க வேண்டியிருந்தது. என்னிடமே வாங்கி, என் முன்னாலேயே விரித்து, என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தினமும் வருகிற லாரிக்காரன் ஒருத்தன் "குட் மார்னிங், வூடூ!" என்றான். வூடூ என்றால் செய்வினை வைப்பவன் என்று மல்லிகா பிறகு சொன்னாள். ஒரு அம்மாள் ஹாட் டாக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் நீ ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் திரும்ப வைத்துவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் இன்னொரு பேச்சும் கிளம்பிவிட்டது. நான் வைத்த மந்திரத்தால்தான் அந்த ஸ்டாப் போர்டு விழுந்ததாம். இடித்தவர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார், பழி பூசணிக்கு.

சாயங்காலம் மல்லிகா வேலையிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நான்தான் பேப்பர் படிச்சேன்" என்றாள். வியாழக்கிழமை மத்தியானம் அந்த இல்லத்தில் பெரியவர்களையெல்லாம் கூடத்தில் உட்கார வைத்துப் பத்திரிகையைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள். அன்றைக்கு யாருக்கு வேலை குறைவோ அவர்கள் படிப்பார்கள்.

"எட்டாம் பக்கமுமா?"

"அதத்தான் முதல்ல கேப்பாங்க. அது இல்லாம அவங்களுக்கு சோறு இறங்காது."

"வுட்டுட்டுப் போயிருக்கலாமில்ல?"

"வுட்டேன். பக்கத்துல ஒரு தாத்தா கண்ணாடி போட்டுக்கினு கூடவே பாத்துக்கினு வர்றாரு. 'ஒரு லைன் வுட்டுட்டம்மா'ன்னாரு. படிச்சேன்."

"அது நான்னு அவங்களுக்குத் தெரியாதே."

அவள் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைத் தொட்டுக் காட்டினாள். இந்த நாட்டில் புருஷன் பெயர்தான் பெண்டாட்டிக்கும் கடைசிப் பெயர். மல்லிகா முருகேசன் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "எல்லாரும் இத்தத்தான் பாத்துக்கினு இருந்தாங்க. அப்புறம் மழை நியூஸ் படின்னாங்க" என்றாள். அதற்கப்புறம்தான் ஷூவைக் கழற்றினாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. எந்தப் பக்கத்தில் என் பெயரைப் போட்டார்களோ அதே பக்கத்தில், அதே எழுத்தில், தப்பு என்று போட வைக்காமல் விடுவதில்லை என்று முருகன் படத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டேன்.

மறுநாளே போனேன். பத்திரிகை ஆபீஸ் வங்கிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அறை. மேசைக்கடியில் ஒரு கிழ நாய். ஆசிரியர் மார்ஜி என்கிற அம்மாள், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். செய்தி எழுதுவது, படம் எடுப்பது, கணினியில் பக்கம் போடுவது எல்லாம் அவர் ஒருத்தரே. காலையில் வருகிற வெள்ளை வேனும் அவர்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் பூஜையைப் பற்றி எனக்கு வந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது பப்ளிக் ரெக்கார்ட், ஹனி. ஷெரீஃப் ஆபீஸ் அனுப்புவதை அப்படியே போடுகிறேன்."

"அப்ப டேல் பெயர்?"

"அவர்கள் அனுப்பியதில் பெயர் இல்லை."

"நான் பார்த்தேன். நான் பெயர் சொல்றேன். எழுதுங்க."

அம்மாள் குனிந்து நாயின் காதைத் தடவினார். "டேல் இந்தக் கவுண்டிக்கு நிறையச் செய்திருக்கிறார், முரு" என்றார். அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்து முகம் மலர்ந்தது. மாதக் கடைசியில் ஹாலோவீன் வருகிறதே, அதற்குச் சிறப்புப் பக்கம் போடப்போகிறேன், உலகத்தில் எங்கெங்கே என்னென்ன பேய்ச் சடங்கு என்று. உன் பூசணியையும் படத்தோடு அரைப் பக்கம் போடலாம், உன் மனைவி சேலை கட்டி நின்றால் இன்னும் அழகாக இருக்கும் என்றார். அந்த அம்மாள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் பூஜை அறைக்குள் யாரோ செருப்போடு நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு. திருஷ்டி கழிக்க உடைக்கிற பூசணி, பேய்ப் பண்டிகையா? எங்கள் முருகனை எலும்புக்கூடு பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்துவார்களா?

"மேடம், அது காட். கோஸ்ட் இல்லை" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. நாய் எழுந்து உட்கார்ந்தது.

"அப்படியானால் ஆசிரியருக்குக் கடிதம் எழுது. இருநூறு வார்த்தை, கையெழுத்தோடு, திங்கள் மத்தியானத்துக்குள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் தமிழில் சொல்லச் சொல்ல மல்லிகா ஆங்கிலத்தில் எழுதினாள். ஸ்டாப் போர்டு விஷயம் வேண்டாம் என்றாள், நான் போட்டே தீருவேன் என்றேன். எனக்கு வேகம் ஏறிவிட்டது. எழுந்து நடந்துகொண்டே பேசினேன்.

"ஒரு மனுஷன் பேரை விசாரிக்காம அச்சுல போட்டு, அதக் கூட்டத்துல சத்தமா படிச்சும் காட்டினா, அவன் எப்படி வெளிய தல காட்டுவான்? அவனுக்குக் குடும்பம் இல்லியா? எழுதும்மா இத."

மல்லிகா பேனாவைக் கீழே வைத்தாள். "வேதாசலம் அண்ணன்கூட இதையேதான் கேட்டிருப்பாரு" என்றாள்.

வேதாசலம் அண்ணன் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளியிருந்தவர். நல்ல நெசவாளி, கரையை வேறு நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலையில் அவர் கை தனி. எங்கள் ஊரில் அப்போது ஒரு சின்ன வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. ஒரு கல்யாண வீட்டார் அவரிடம் வாங்கிய சேலையில் ஜரிகை கறுத்துப்போய்விட்டது என்று அதில் போய்ச் சொல்ல, அவர்கள் 'பட்டில் மோசடி' என்று பெயர், தெருவெல்லாம் போட்டு எழுதிவிட்டார்கள். காலையில் தறிக்கு உட்காருவதற்கு முன்னால் டீக்கடையில் பத்திரிகை படிக்கிறவன் நான். எனக்குக் குரல் நன்றாக இருக்கும், எழுத்து தெரியாத பெரியவர்கள் என்னைத்தான் படிக்கச் சொல்வார்கள். அன்றைக்கு நான் எப்படிப் படித்தேன் தெரியுமா? பெயர் வந்த இடத்தில் ஒரு நிறுத்து நிறுத்தி, எல்லார் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கேட்டார்கள். அந்த மாதமே எங்கள் தெரு முருகன் கோயில் கிருத்திகைக்கு அழைப்பிதழ் அடித்தோம். உபயதாரர் பட்டியலில் அவர் பெயர் வழக்கம்போல இருந்தது. சாமி காரியத்தில் இந்த ஆள் எதற்கு என்று, அச்சுக்குப் போகும் முன் அதைக் கோடு போட்டு அடித்தவன் நான். பச்சை மை பேனா, எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

பிற்பாடு அந்த ஜரிகையைக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். வெள்ளி சரியாக இருந்தது. சேலையைப் பூச்சி உருண்டையோடு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்ததில் கறுத்திருக்கிறது. அதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. டீக்கடையில் யாரோ வாய்வார்த்தையாகச் சொன்னபோது "அப்படியா" என்றோம், அடுத்த பேச்சுக்குப் போய்விட்டோம். அண்ணன் அதற்கப்புறம் டீக்கடைக்கு வரவில்லை. பிளாஸ்க் கொடுத்து அனுப்பி வீட்டுக்கு வாங்கிக்கொள்வார். இருபது வருஷம் இருக்கும். அந்த இருபது வருஷத்தில் நான் ஒரு நாளும் அவர் வீட்டு வாசல் ஏறிப் போய் ஒரு வார்த்தை சொன்னவனில்லை. இந்த நாட்டில் என்னை ஒரு வாரம் வூடூ என்றார்கள் என்று துள்ளுகிறேன்.

ஆனாலும் கடிதத்தை முடித்தோம். நான் தப்புச் செய்தவன் என்பதற்காக டேல் செய்தது சரியாகிவிடாது. "பூசணி உடைப்பது எங்கள் பிரார்த்தனை. இந்தச் சந்தியில் போகிற எல்லாருக்கும் நல்லது நடக்க வேண்டும் என்றுதான் உடைத்தேன். டெபுடியை நான் மிரட்டவில்லை, காப்பாற்றப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது குங்குமம். என் மனைவி நெற்றியிலும் அதுதான் இருக்கிறது, அவள் உங்கள் தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்கிறாள். ஸ்டாப் போர்டை இடித்தது கமிஷனர் டேலின் வண்டி, நான் பார்த்தேன்." கீழே கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை வந்தது. எட்டாம் பக்கத்தில் இல்லை. பத்தாம் பக்கத்தில், வைக்கோல் விற்பனை விளம்பரத்துக்குக் கீழே இருந்தது. மல்லிகா நெற்றி வரைக்கும் எல்லாம் இருந்தது. கடைசி வரி மட்டும் இல்லை. இடம் போதவில்லை என்றார் மார்ஜி போனில். பக்கத்திலேயே இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக இடம் இருந்தது, அதையும் சொன்னேன்.

அன்று மத்தியானம் டேல் கடைக்கு வந்தார். கையில் பத்திரிகை. என் தோளைத் தட்டி, நல்ல லெட்டர் என்றார். "அடுத்த தடவை என் டிரக்குக்கும் ஒன்று உடை. பார்த்தாயே, அதற்கு ராசி சரியில்லை" என்று வாய்விட்டுச் சிரித்தார். காபி வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். வெட்கமில்லாமல் கேட்கிறாரே!

"உடைக்கிறேன் சார். யாருக்காக உடைக்கிறோமோ அவர் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஸ்டாப் போர்டு இருந்த இடத்தில் நின்று சொல்லட்டுமா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. வூடூ என்று கூப்பிட்ட லாரிக்காரன் மட்டும் "உண்மைதானே டேல்" என்று காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். டேல் சர்க்கரை இல்லாத காபியை எடுத்துக்கொண்டு போனார். இன்றுவரைக்கும் எட்டாம் பக்கத்தில் அவர் பெயர் வரவில்லை. நான் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவேன்.

அந்தக் கடிதத்தை வெட்டி முருகன் படத்துக்குக் கீழே ஒட்டினேன். பார்த்த மல்லிகா, "உங்களுதாவது வந்துச்சி, வைக்கோலுக்குக் கீழயாவது" என்று மட்டும் சொன்னாள். மைத்துனரைப் பிடித்து வேதாசலம் அண்ணன் நம்பரை வாங்கினேன். அவர் இப்போது காஞ்சிபுரம் பக்கம் தாமலில் மகள் வீட்டில் இருக்கிறார்.

"யாரு?"

"நான் முருகேசன்ணா. பிள்ளையார்பாளையம். அமெரிக்காவுல இருந்து பேசறேன்."

"யாரு, பேப்பர் படிக்கிற முருகேசனா?"

இருபது வருஷம் கழித்தும் அவருக்கு நான் அந்த முருகேசன்தான். எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, பச்சை மை, எல்லாம். அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"இப்ப இன்னாத்துக்குபா இது?"

"எனக்கும் அதே மாதிரி ஒண்ணு ஆயிடுச்சிண்ணா."

"ஓ. உனக்கு வலிச்சிச்சா, அதான் போன் பண்ணிக்கிற."

"மன்னிச்சிடுங்கண்ணா."

"இத எங்காதுல சொல்ற. அன்னிக்கு எங்காதுலயா சொன்ன? நான் எதிர்ல பால் கடையில பால் வாங்கிக்கினு நின்னுனு இருந்தேன், எனக்குக் கேட்டுது. நல்ல கொரல்பா உனக்கு. ரெண்டு தபா படிச்ச."

"இன்னா செய்யணும் சொல்லுங்கண்ணா, செய்றேன்."

"இதையும் அங்கயே சத்தமா படி. அவ்ளோதான்." போனை வைப்பதற்கு முன்னால் சொன்னார், "அங்க குளுரு ஜாஸ்தியாமே. ஒடம்பப் பாத்துக்கோ."

அண்ணன் கேட்டது நியாயம். அந்த வாரப் பத்திரிகை என்றைக்கோ நின்றுபோய்விட்டது. நான் ஊருக்கு வரவும் இப்போதைக்கு வழியில்லை. அதனால் இதை இங்கே எழுதுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் இதைப் படிக்கிற யாராவது, தயவு செய்து, நாற்பதடி தள்ளி நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி அந்த டீக்கடையில் நின்று அடுத்த வரிகளைப் படியுங்கள். ஒரு தரம் போதாது, இரண்டு தரம் படியுங்கள்.

வேதாசலம் நெய்த சேலையில் ஜரிகை சுத்தமாக இருந்தது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றினார் என்று கூட்டத்தில் படித்தவன் முருகேசன். கோயில் அழைப்பிதழில் அவர் பெயரை அடித்தவனும் அதே முருகேசன்.

படிப்பதாக இருந்தால் வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் படியுங்கள். அங்கே இரண்டாம் டீக்கு ஆட்கள் வந்து உட்காருகிற நேரம் அது. இங்கே காலை ஐந்தரை. புது ஸ்டாப் போர்டு நட்டுவிட்டார்கள். அதற்குக் கீழே தாரில் பிடித்த குங்குமக் கறை ஒரு பனிக்காலம் போயும் முழுசாகப் போகவில்லை. அந்த நேரத்தில் நான் அதன் பக்கத்தில் நின்று, மார்ஜியின் வேன் விளக்கு தெரிகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டாம் பக்கத்தில் டேலின் பெயருக்காகக் கண் இந்தப் பக்கம் இருக்கும். காது அங்கேதான், பால் கடைக்கு எதிரில்.